மடிப்புக் கேமராவில் முதல் ரோல்: நெல்லைச் சீமை வெயிலுக்கு ஒரு வழிகாட்டி

மீடியம் ஃபார்மட் எனப்படும் அகலமான ஃபிலிமில் படமெடுக்க வேண்டுமென்றால் பெரும் பணம் செலவாகும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. ஹாஸல்பிளாட் போன்ற விலையுயர்ந்த கேமராக்களை மட்டும் பார்ப்பவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பே. ஆனால் 1930களிலிருந்து 1950கள் வரை ஜெர்மனியில் ஏராளமாகச் செய்யப்பட்ட மடிப்புக் கேமராக்கள் இன்றும் கிடைக்கின்றன. லென்ஸைத் தாங்கும் முன்பலகையும், அதைக் கேமராவின் உடலோடு இணைக்கும் துருத்தியும் உள்ளே மடங்கிக்கொள்ளும் கேமராக்கள் இவை. அவற்றில் போடும் 120 என்ற அளவு ஃபிலிமும் இன்றும் தயாராகிறது. 1901இல் கோடக் நிறுவனம் அறிமுகப்படுத்திய அந்த ரோல், இத்தனை ஆண்டுகளாக அளவு மாறாமல் வருகிறது. சாதாரண 35 மி.மீ. ஃபிலிமின் ஒரு படம் 24×36 மி.மீ.தான். மடிப்புக் கேமராவின் 6×6 (செ.மீ.) படம் ஏறக்குறைய 56×56 மி.மீ., அதாவது பரப்பில் மூன்றரை மடங்குக்கும் மேல். 6×9 படமோ ஐந்து மடங்கைத் தாண்டும். அவ்வளவு பெரிய நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும்போது கிடைக்கும் நிறைவை வேறு எந்தக் கேமராவும் எனக்குத் தந்ததில்லை.

திருநெல்வேலிப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. இந்தக் கேமராக்களின் பெரிய குறைகள் இரண்டு: லென்ஸை முழுதாகத் திறந்தால் ஓரங்கள் மங்கும், மெதுவான ஷட்டர் வேகங்கள் பழசாகித் தடுமாறும். ஆண்டில் பெரும்பகுதி வெயில் காயும் நம் சீமையில் லென்ஸை முழுதாகத் திறக்கவும் வேண்டாம், மெதுவான வேகங்களைத் தொடவும் வேண்டாம். ஆகவே மூன்று கண்ணாடி லென்ஸும் மூன்றோ நான்கோ வேகங்களும் உள்ள எளிய கேமராவே தொடக்கத்துக்குப் போதும். துருத்தியில் ஓட்டை இருக்கக் கூடாது, ஃபிலிம் தட்டையாக நிற்க வேண்டும். இவ்விரண்டிலும்தான் உங்கள் கவனம் முழுதும் இருக்க வேண்டும்.

வாங்கும்போது முதலில் ஃபிலிம் அளவைப் பாருங்கள். கோடக்கின் மடிப்புக் கேமராக்களில் பல 620 அளவுக்கானவை. ஃபிலிம் ஒன்றுதான் என்றாலும் அதைச் சுற்றியிருக்கும் ஸ்பூல் மெலிந்தது, இன்று கடைகளில் வராதது. 116, 127 போன்ற அளவுகளையும் தொடக்கக்காரர் தவிர்ப்பது நல்லது. காலியான 120 ஸ்பூல் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் உள்ளே பொருந்துகிறதா என்று போட்டுப் பார்ப்பதே எளிய சோதனை. ஸைஸ் ஐக்கான் நெட்டார், அக்ஃபா ஐஸோலெட், ஃபாய்க்ட்லெண்டர் பெர்க்கியோ ஆகியவை நல்ல தொடக்கம் தரும். முதல் கேமராவுக்கு 6×6 அளவையே நான் பரிந்துரைப்பேன்: ஒரு ரோலில் 12 படம் கிடைக்கும், துருத்தி சிறியது, முன்பலகை ஆடாது. 6×9இல் 8 படம்தான். நெகட்டிவ் அழகானது என்றாலும், முன்பலகை சற்றே சாய்ந்தால்கூடப் படத்தின் ஒரு பக்கம் மங்கிவிடும்.

அடுத்தது துருத்தி. கேமராவைத் திறந்து, பின்கதவையும் திறந்து, இரவில் விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைத் துருத்தியின் உட்புறத்தில் பிடியுங்கள். கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிடம் காத்திருந்து, வெளியிலிருந்து மடிப்புகளின் மூலைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அது நெகட்டிவில் கரும்புகையாகவும், பிரிண்டில் வெள்ளைத் திட்டாகவும் வந்து நிற்கும். துருத்தியை முழுதாக நீட்டியும், சற்றே மடக்கியும், பக்கவாட்டில் மெல்ல அசைத்தும் பார்க்க வேண்டும். சில ஓட்டைகள் ஒரு நிலையில் மறைந்து இன்னொரு நிலையில் வாய் திறக்கும். அக்ஃபா கேமராக்களில் இந்தக் கோளாறு மிக அதிகம். ஓட்டைகள் இரண்டு மூன்றென்றால் கறுப்புத் துணிப் பெயிண்டை மெல்லிய தூரிகையால் மூலையில் தொட்டுவைத்து, துருத்தியை நீட்டிய நிலையிலேயே ஓரிரு நாள் உலரவிடலாம். கனமாகப் பூசினால் மடிப்பு மூடாது. ஓட்டைகள் எண்ண முடியாத அளவுக்கு இருந்தால் வேறு கேமரா தேடுவதே மேல்.

அதே அக்ஃபாவுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. ஃபோகஸ் வளையத்தில் இட்ட பச்சை நிறக் கிரீஸ் ஆண்டுகள் செல்லச் செல்லப் பசைபோல இறுகி, வளையத்தை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும். வளையம் சுற்றவில்லை என்றால் பலவந்தம் செய்யாமல் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஷட்டரைப் பொறுத்தவரை 1/25, 1/50, 1/100, 1/200 நொடி ஆகியவை ஓரளவு சரியாக இருந்தால் போதும். ஒரு நொடியிலும் அரை நொடியிலும் அது தயங்கினால் வருந்த வேண்டாம். எக்காரணம் கொண்டும் எண்ணெய் விடாதீர்கள். ஷட்டரின் மெல்லிய இதழ்களில் எண்ணெய் பரவினால் அவை ஒட்டிக்கொள்ளும். பழைய ஷட்டர்களின் செல்ஃப் டைமர் நெம்புகோலையும் தொடாமல் விடுங்கள், பாதியில் சிக்கினால் ஷட்டரே நின்றுவிடும். கம்பூர் வகை ஷட்டரின் உச்ச வேகம் வேண்டுமென்றால் அதை முதலில் வைத்துவிட்டுப் பிறகே ஷட்டரின் விசையை ஏற்ற வேண்டும்.

ஃபிலிமுக்கு வருவோம். நீலகிரியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் இயங்கிய காலத்தில் 'இந்து' ரோல் நம் ஊர் ஸ்டுடியோக்களிலேயே கிடைத்தது. அந்த ஆலை மூடப்பட்டது நம் மாநிலத்துக்குப் பெரிய இழப்பு. இன்று இறக்குமதிச் சரக்கைத்தான் வரவழைக்க வேண்டும். கறுப்பு வெள்ளையில் இல்ஃபோர்ட் எஃப்பி4, ஃபோமாபான் 100, கென்ட்மியர் 100 ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்து, அதையே தொடர்ந்து போடுங்கள். ஐஎஸ்ஓ என்பது ஃபிலிமின் வேகத்தை, அதாவது வெளிச்சத்தை ஏற்கும் திறனைக் குறிக்கும் எண். ஐஎஸ்ஓ 400 ஃபிலிம் நம் வெயிலுக்கு வேகம் அதிகம். 1/200 நொடிக்கு மேல் போகாத ஷட்டரில் லென்ஸின் திறப்பான அப்பர்ச்சரை எஃப்/22 வரை சுருக்க வேண்டி வரும் (எஃப் எண் கூடக் கூடத் திறப்பு சிறுக்கும்).

ரோல் போடுவதை நிழலில் செய்யுங்கள். காலி ஸ்பூல் சுருட்டும் பக்கத்தில் இருக்க வேண்டும். புது ரோலை மறுபக்கத்தில் பொருத்தி, ஃபிலிமோடு சேர்த்துச் சுருட்டியிருக்கும் தாளின் நுனியை இழுத்துக் காலி ஸ்பூலின் பிளவுக்குள் நேராகச் செருகி, இரண்டு சுற்று சுற்றித் தாள் கோணாமல் போகிறதா என்று பார்த்தபின் கதவை மூடுங்கள். தாளின் கறுப்பு முகம் லென்ஸைப் பார்க்கவும், எண் அச்சான முகம் உங்களைப் பார்க்கவும் வேண்டும். பின்புறச் சிவப்புச் சாளரத்தில் முதலில் அம்புக்குறியோ புள்ளிகளோ வரும், பிறகு 1 வரும். அந்தக் காலத்து ஃபிலிம் பலவற்றுக்குச் சிவப்பு வெளிச்சம் படாது என்பதால் வைத்த சாளரம் அது. இன்றைய ஃபிலிமுக்குச் சிவப்பும் படும். ஆகவே எண்ணைப் பார்க்கும்போது உங்கள் உடம்பின் நிழலில் பாருங்கள்; மற்ற நேரமெல்லாம் சாளரத்தின் மூடியை மூடியே வையுங்கள், மூடி இல்லையென்றால் கறுப்பு டேப் ஒட்டுங்கள்.

பலர் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. மடிப்புக் கேமராவைச் சட்டென்று திறந்தால் துருத்தி காற்றை உறிஞ்சி, ஃபிலிமைத் தன் பக்கம் வளைத்துவிடும். முன்பலகையைக் கையால் தாங்கி மெதுவாகத் திறக்க வேண்டும். திறந்த பிறகே அடுத்த எண்ணுக்குச் சுருட்ட வேண்டும், அப்போது ஃபிலிம் மீண்டும் இழுபட்டுத் தட்டையாகும். சுருட்டுவது எப்போதும் படமெடுப்பதற்குச் சற்று முன்புதான் என்று பழக்கிக்கொண்டால், ஃபிலிமின் ஒரே இடத்தில் இரண்டு படம் விழும் ஆபத்தும் பெரும்பாலும் நீங்கும்.

வெளிச்சத்தை அளக்க மீட்டர் இல்லாமலே தொடங்கலாம். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100 ஃபிலிமுக்கு 1/100 நொடி, எஃப்/16 என்பது பழைய கணக்கு. நம் ஊரின் உச்சி வெயிலில் மண்டபமும் சுவரும் எடுக்க அது சரியாக இருக்கும். மனித முகம் என்றால் கண்குழியில் நிழல் கறுத்துவிடும் என்பதால் எஃப்/11 வைப்பதே நல்லது. நெகட்டிவ் ஃபிலிம் சற்றுக் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும், குறைந்தால் தாங்காது. சாரல் மேகம் மூடிய நாளில் எஃப்/8 அல்லது எஃப்/5.6. ஆனி, ஆடி மாதங்களில் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி வயல்வெளிகளுக்குப் பின்னால் மலைமேல் திரளும் மேகத்தை எடுக்க, மஞ்சள் ஃபில்டர் ஒன்று வாங்கி, ஒரு ஸ்டாப் கூட்டி, அதாவது இரு மடங்கு வெளிச்சம் கொடுத்து எடுங்கள். வானம் கறுத்து மேகம் தனியாகத் தெரியும்.

ஃபோகஸ் என்பது இந்தக் கேமராக்களில் தூரத்தைக் கண்ணால் கணித்து வளையத்தில் வைப்பதுதான். 75 மி.மீ. லென்ஸில் எஃப்/11 வைத்து 10 மீட்டரில் நிறுத்தினால், 5 மீட்டர் முதல் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெளிவாக விழும். எஃப்/16இல் 7 மீட்டரில் நிறுத்தினால் மூன்றரை மீட்டரிலிருந்தே தெளிவு தொடங்கும். குறுக்குத்துறையில் ஆற்றின் நடுவே நிற்கும் முருகன் கோயிலையோ, சுலோசன முதலியார் பாலத்தையோ எடுக்க இதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை. கூந்தன்குளத்துப் பறவைகளை இதில் எடுக்க நினைக்காதீர்கள், நாரை புள்ளியாகத்தான் விழும்.

கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில் சிற்பங்கள்தான் இந்தக் கேமராவுக்கு உண்மையான சோதனை. மண்டபத்துக்குள் வெளிச்சம் குறைவு, தூரமும் குறைவு. ஒன்றரை மீட்டரில் எஃப்/11 வைத்தாலும் முன்னும் பின்னுமாக மொத்தம் 45 செ.மீ. அளவுக்கே தெளிவு இருக்கும். கணிப்பு அங்கே உதவாது. முடிச்சுப் போட்ட நூல் ஒன்றைக் கொண்டுபோய், லென்ஸிலிருந்து சிற்பத்தின் முகத்துக்கு அளந்துகொள்ளுங்கள். சிற்பத்தைத் தொட வேண்டாம். முக்காலி வைக்க முன்கூட்டியே அனுமதி கேட்பது முறை. பழைய கேமராக்கள் சிலவற்றில் முக்காலித் துளை 3/8 அங்குலம் இருக்கும். இன்றைய முக்காலிக்குப் பொருந்த ஒரு சிறு திருகு வளையம் தேவைப்படும்.

பணகுடி, காவல்கிணறு பக்கம் காற்றாலைகளை எடுப்பவர்கள், திறந்த துருத்தி காற்றில் படபடக்கும் என்பதை மறக்க வேண்டாம். காற்றுக்கு முதுகு காட்டி நின்று 1/100 நொடிக்குக் குறையாமல் எடுங்கள். உவரிக் கடற்கரையிலும் தேரி மணலிலும் ரோல் மாற்றாதீர்கள். ஒரு மணல் துகள் உள்ளே போனால் ரோல் முழுதும் கோடு விழும்.

கடைசிப் படம் முடிந்ததும் தாள் முழுதும் போகும்வரை சுருட்டி, நிழலில் எடுத்து, சுருள் தளராமல் இறுக்கிப் பிடித்து, ஒட்டுப்பட்டையை நனைத்து ஒட்டுங்கள். தளர்ந்த சுருளின் ஓரங்களில் வெளிச்சம் ஏறிவிடும்.

ஃபிலிமைக் கழுவுவதை வீட்டிலேயே செய்யலாம், செய்யவும் வேண்டும். இதில் நம் ஊரின் இடைஞ்சல் சூடு. எஃப்பி4 ஃபிலிமை, படத்தை வெளிக்கொணரும் கரைசலான டி-76 டெவலப்பரில் சரிபாதித் தண்ணீர் கலந்து 20 டிகிரி செல்சியஸில் 11 நிமிடம் வைக்க வேண்டும். நம் குழாய்த் தண்ணீரோ கோடையில் 30 டிகிரியை ஒட்டி நிற்கும். டெவலப்பருக்குள் ஐஸ் போடாமல், டெவலப்பர் பாட்டிலை ஐஸ் தண்ணீர் வாளிக்குள் வையுங்கள். 20 வரை இறக்க முடியாவிட்டால் 24இல் ஏழரை நிமிட அளவுக்குக் கழுவலாம். எப்படியும் நேரம் 5 நிமிடத்துக்குக் கீழே போகக் கூடாது, படம் திட்டுத் திட்டாக வரும். படத்தை நிலைக்கச் செய்யும் ஹைப்போவும் அலசும் தண்ணீரும் டெவலப்பரின் சூட்டை ஒட்டியே இருக்கட்டும். 120 ஃபிலிமைக் கழுவும் தொட்டியின் ரீலில் ஏற்றும்போது வேர்வைதான் எதிரி. வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் கை வேர்த்தால் பிளாஸ்டிக் ரீல் ஈரமாகி ஃபிலிம் பாதியில் சிக்கும், பலவந்தப்படுத்தினால் பிறைநிலா வடிவத்தில் மடிப்பு விழும். ஜன்னலை அடைத்த அறையில், இரவில், நன்கு உலர்ந்த ரீலில் ஏற்றுங்கள். முதல் முறைக்கு, ஸ்டுடியோ நடத்திய அண்ணாச்சிமார் யாராவது அருகில் இருந்தால் போய்க் கேளுங்கள். இருட்டில் விரல் நுனியால் ஃபிலிமைத் தாளிலிருந்து பிரித்தெடுக்கும் பக்குவம் அவர்கள் கையில் இன்னும் இருக்கிறது.

கடைசி அலசலுக்கு பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரைப் பயன்படுத்துங்கள். போர்வெல் தண்ணீர் உலர்ந்தால் உப்புப் புள்ளி நெகட்டிவில் தங்கிவிடும்.

கேமராவைத் தோல் உறைக்குள் போட்டுப் பீரோவில் பூட்டிவைக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தோல் பூசணம் பிடித்து, அது லென்ஸுக்கும் ஏறும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, ஜெல் நிறம் மாறியதும் சட்டியில் மெல்லிய தீயில் வறுத்து உலர்த்தி மறுபடி போடுங்கள். அந்தச் சட்டியைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது. நெகட்டிவுகளையும் உறைகளில் இட்டு அதே டப்பாவில் வைக்கலாம்.