புதுக் கீபோர்டு வாங்கியும் மணிக்கட்டு வலிக்கிறதா?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் நாள் முழுக்கப் பத்திரம் அடிப்பவர்களில் சிலர், வலி தாங்காமல், இடக்கைக்கு ஒரு பாதி, வலக்கைக்கு ஒரு பாதி என இரண்டாகப் பிரிந்த கீபோர்டுக்கு மாறுகிறார்கள். மாறிய பிறகும் வலி போவதில்லை. அதற்குக் காரணமான தவறுகள் இவை.

மேசை உயரத்தைப் பார்க்காமல் விடுவது

ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியதைப் பழைய 75 செ.மீ. மேசைமேலேயே வைக்கிறார்கள். எரிச்சலாக வருகிறது. அது பேனா பிடித்து எழுதுவதற்கான உயரம். கீபோர்டு முழங்கைக்கு மேலே இருந்தால் தோள் தூக்கும், மணிக்கட்டு பின்னால் மடங்கும், உள்ளே ஓடும் நரம்பு நெரிபடும். பெருவிரலும் அடுத்த இரு விரல்களும் மரத்துப்போய், நடுராத்திரியில் கையை உதறிக்கொண்டு எழுவது அதனால்தான். போதாததற்குக் கீபோர்டின் பின்பக்கக் காலையும் நிமிர்த்தி வைக்கிறார்கள்! முதலில் அதை மடக்குங்கள்.

நாற்காலியில் சாய்ந்து, தோளைத் தளர்த்தி, முழங்கையை 90 டிகிரி மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை வரை டேப்பால் அளந்தால் 64 செ.மீ. வருகிறதா? 3 செ.மீ. தடிமனுள்ள கீபோர்டென்றால், அதை வைக்கும் பலகை தரையிலிருந்து 61 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். 65 செ.மீ. நீளமும் 28 செ.மீ. அகலமும் உள்ள ரப்பர் மரப்பலகை ஒன்றை டிராயர் சேனலில் மேசைக்கு அடியில் மாட்டச் சொல்லுங்கள். மருந்தேற்றிய மரமாகக் கேட்டு வாங்குங்கள். பச்சையாக அறுத்ததை வண்டு துளைத்துவிடும். பலகை மாட்ட வழியில்லையென்றால் நாற்காலியை உயர்த்தி, உயர்த்திய அளவுக்குக் காலடியில் கட்டை போடுங்கள். கால் தொங்கினால் தொடை மரக்கும்.

கீபோர்டுக்கு முன்னால் உள்ள கைத்திண்டில் மணிக்கட்டை ஊன்றியபடி அடிப்பது

கூடாது. அடிப்பதை நிறுத்தும்போது மட்டும் கை வைக்கலாம்.

முதல் நாளே செங்குத்தாகச் சாய்ப்பது

பிரிந்த இரு பாதிகளின் உள்பக்கத்தையும் கூடாரம்போல உயர்த்தலாம். 5 டிகிரியில் தொடங்கி, வாரம் ஒருமுறை கொஞ்சம் கூட்டுங்கள்.

ஓங்கி அடிப்பது

தட்டச்சு இயந்திரத்தில் பழகிய கைக்கு வரும் கெடுதல் இது. 45 கிராம் விசை போதும் என்கிற பொத்தானை அடிமட்டம்வரை குத்தினால் விரல் மூட்டுதான் வாங்கும்.

பழகிய தமிழ் விசை அமைப்பையே பிடித்துக்கொண்டிருப்பது

ஆங்கில ஒலிப்பில் அடித்தால் ண, ள, ற ஒவ்வொன்றுக்கும் சுண்டுவிரல் ஷிப்டைத் தேடும். தமிழ்99 என்ற விசை அமைப்பில் அவற்றுக்கு ஷிப்ட் வேண்டாம். உயிர் இடக்கையில், வ, ங தவிர மெய்யெல்லாம் வலக்கையில் என்பதால் இரண்டு கையும் மாறிமாறி வேலை செய்யும். பிரிந்த கீபோர்டுக்கென்றே அமைந்ததுபோல் இருக்கும்.

மௌஸைத் தூரத்தில் வைப்பது

வலப்பக்கம் எண் பட்டை இல்லாத கீபோர்டு வாங்குங்கள். மௌஸுக்காகக் கை அவ்வளவு தூரம் எட்ட வேண்டியதில்லை.

உறையில்லாமல் விடுவது

குளச்சல், முட்டம்போலக் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு: உப்புக்காற்றில் பொத்தான்களின் பித்தளைக் கால்கள் பச்சை பூக்கும். ராத்திரி ஒரு துணியாவது மூடுங்கள்.