ஆட்டுக்குச் சினை ஸ்கேன்: திரையில் தெரியும் கறுப்பு நிறத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் சேலம் கருப்பு இன வெள்ளாடுகளை ஸ்கேனுக்குக் கொண்டுவருபவர்களிடம் கிடா சேர்ந்த தேதி பெரும்பாலும் இருக்காது. போச்சம்பள்ளிச் சந்தையில் சினை ஆடு என்று வாங்கியிருப்பார்கள். தேதி தெரிந்தால் 45 முதல் 70 நாளுக்குள் பாருங்கள். புரோபை (ஸ்கேன் மெஷினில் கையில் பிடிக்கும் பகுதி) வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும்போது 35 நாளுக்கு முன் எதுவும் தெரியாவிட்டால் சினை இல்லை என்று எழுதிவிடாதீர்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி வரச் சொல்லுங்கள்.

முந்தின இரவு தீவனத்தை நிறுத்தினால் படம் தெளிவாக விழும், தண்ணீர் கொடுக்கலாம். ஆனால் மடி இறங்கத் தொடங்கிய நிறைசினை ஆட்டைப் பட்டினி போடவே கூடாது, அதன் உயிருக்கே ஆபத்து.

ஆடு நின்றபடியே இருக்கட்டும். இடப்பக்கத்தைச் சுவரோடு அணைத்து ஒருவர் பிடித்துக்கொள்ள, வலது தொடைச் சந்தில், மடிக்குச் சற்று மேலே மயிரில்லாத இடத்தில் புரோபை வையுங்கள். இடப்பக்கம் முழுவதையும் அசைபோடும் வயிறு அடைத்துக்கொள்ளும். தொடைச் சந்தில் புழுதி படிந்திருக்கும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஜெல்லைத் தாராளமாகத் தடவுங்கள். 3.5 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் கான்வெக்ஸ் (வளைந்த முகப்புள்ள) புரோப் போதும், ஆழம் 12 முதல் 15 செ.மீ. முதலில் இடுப்பெலும்பை நோக்கி அழுத்திப் பிடித்து, பிறகு மெல்ல முன்பக்கமாகச் சாய்த்து வாருங்கள்.

நீர் இருக்கும் இடம் திரையில் கறுப்பாகத் தெரியும். முதலில் கண்ணில் படும் கறுப்பு பெரும்பாலும் மூத்திரப்பைதான். கருப்பை நீரும் அதே கறுப்பு என்பதால் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். மூத்திரப்பை ஒரே பையாக, ஓரம் வழவழப்பாக, உள்ளே வெறுமையாக இருக்கும். சினைக் கருப்பையிலோ நஞ்சுக்கொடி முடிச்சுகள் நடுவில் குழிந்த குட்டி உளுந்து வடை போலச் சாம்பல் நிறத்தில் சுவரோடு ஒட்டியிருக்கும். கோணம் மாறினால் பிறையாகத் தெரியும். அடுத்து நெஞ்சுத் துடிப்பைத் தேடுங்கள். கையை ஆட்டாமல் ஐந்தாறு விநாடி பிடித்தால் படபடவென மினுக்கும். கிடைக்காவிட்டால் கோணத்தை மாற்றிப் பாருங்கள். ஒரே பார்வையில் குட்டி செத்துவிட்டது என்று சொல்லாதீர்கள்.

எத்தனை குட்டி என்பதற்குத் தலைகளை எண்ணுங்கள். புரோபை முன்னும் பின்னும் ஓட்டினால் ஒரே தலை இரண்டு முறை கணக்கில் வரும். 90 நாள் தாண்டினால் குட்டி திரையில் அடங்காது, எண்ணிக்கையை நம்ப முடியாது. மனிதர்களுக்கான மெஷின் காட்டும் வாரக்கணக்கு ஆட்டுக்குப் பொருந்தாது. இரட்டை என்று தெரிந்த ஆட்டுக்குக் காதில் அடையாளம் போட்டு, ஈனுவதற்கு முந்தைய 6 வாரமும் அடர்தீவனத்தைக் கூட்டச் சொல்லுங்கள்.

வெள்ளாட்டில் பொய்ச்சினையும் வரும். வயிறு பெருக்கும், கருப்பை நிறைய நீர் இருக்கும், நடுவே மெல்லிய தடுப்புகள் தெரியும். முடிச்சும் இருக்காது, குட்டியும் இருக்காது. புரோபால் லேசாகத் தட்டினால் தடுப்புகள் அலை போல ஆடும். இதற்குக் கால்நடை மருத்துவர் போடும் புரோஸ்டாகிளாண்டின் என்ற ஹார்மோன் ஊசி உண்மைச் சினையைக் கலைத்துவிடும். அதனால் பத்து நாள் கழித்து இன்னொரு முறை ஸ்கேன் செய்து உறுதிப்படுத்திய பிறகே ஊசி.