எலக்சன் நேரத்துல வர்ற மத வீடியோவ எப்படிப் பாக்கணும்? செங்கோட்டைக்காரன் சொல்றேன்

செங்கோட்டையில இருக்கறவனுக்கு ஓட்டு ஒண்ணுதான், ஆனா எலக்சன் ரெண்டு. புளியரை செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் கேரளாவுல என்ன நடந்தாலும் அது நம்ம ஊரு வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்துரும், அதுலயும் மதம் கலந்த வீடியோன்னா டீ ஆறுறதுக்குள்ள பத்து பேரு அனுப்பிருவான். அத எப்படிப் பிரிச்சுப் பாக்கணும்னு நான் பழகுனத எழுதுறேன்.

முதல்ல வீடியோவ நிறுத்துங்க. பக்கத்து வீட்டு அத்தை ஒரு நாள் போனைத் தூக்கிட்டு வந்து "எய்யா, இதப் பாத்தியா, கேரளாவுல பாகிஸ்தான் கொடியப் புடிச்சிட்டுப் போறானுவ"ன்னு பதறுனாவ. ஊர்வலம், பச்சைக் கொடி, பிறை, நட்சத்திரம். நான் படத்த நிறுத்தி விரலால பெருசாக்கி, கம்ப ஒட்டுன ஓரத்தக் காட்டி "இங்க வெள்ளைப் பட்டை இருக்கா அத்தை?"ன்னு கேட்டேன். இல்ல. பாகிஸ்தான் கொடியில கம்பு ஓரமா மேல இருந்து கீழ வரைக்கும் வெள்ளையா பட்டை இருக்கும், பிறை பச்சைக்கு நடுவுல இருக்கும். கேரளாவுல இருக்கற முஸ்லிம் லீக் கட்சியோட கொடி முழுப்பச்சை, பிறையும் நட்சத்திரமும் மேல் மூலையில இருக்கும். 2019-ல ராகுல் காந்தி வயநாட்டுல நின்னப்ப, காங்கிரஸ் கூட்டணியில இருந்த லீக்கோட கொடிய வச்சு இதே கதையத்தான் நாடு பூரா பரப்புனாங்க, இன்னும் ஓடுது.

அடுத்தது மொழி. மலையாளப் பேச்சுக்குக் கீழ தமிழ்ல எழுதிப் போட்டிருந்தா அப்படியே நம்பாதீங்க. அத்தை காட்டுன இன்னொரு வீடியோவுல "நம்ம ஆட்சிய நாம காப்பாத்தணும்"னு தமிழ்ல போட்டிருந்தான், காதக் கொடுத்துக் கேட்டா அந்த ஆளு சொன்னது "பரணகடன". மலையாளத்துல பரணம்னா ஆட்சி, பரணகடனன்னா அரசியல் சட்டம். அரசியல் சட்டத்தக் காப்பாத்தணும்னு பேசுன மனுஷன ஆட்சியப் புடிக்க வந்தவனா மாத்திட்டாங்க, ஒரே ஒரு வார்த்தையில! நமக்குத்தான் ஆரியங்காவுல, புனலூர்ல சொந்தக்காரங்க இருக்காங்களே, ஒரு போன் போட்டுக் கேட்டா என்ன குறைஞ்சு போயிரும்.

மூணாவதுதான் முக்கியம், பேசுறவன் என்ன கேக்குறான்னு பாருங்க. நோன்பு தொறக்குறதும் மாலை போடுறதும் அரசியல் இல்ல, அது பக்தி. எங்க ஆளுகளுக்கு சீட்டு வேணும், இடஒதுக்கீடு வேணும், ஸ்கூல் வேணும்னு கேக்குறது பங்கு கேக்குறது. அரசாங்கமே எங்க மதச் சட்டப்படி நடக்கணும்னு கேக்குறது வேற. பொலிட்டிக்கல் இஸ்லாம்னு சொல்றது இந்தக் கடைசி வகையத்தான், ஆனா நம்மாளுங்க தொப்பி போட்ட எல்லாரையும் அதுல தள்ளிருதாங்க, எனக்கு வயிறு எரியும். 1928-ல எகிப்துல ஹசன் அல் பன்னா ஆரம்பிச்ச முஸ்லிம் பிரதர்ஹுட், 1941-ல லாகூர்ல மௌதூதி ஆரம்பிச்ச ஜமாஅத்தே இஸ்லாமி, இதெல்லாம் ஆட்சியும் மார்க்கமும் ஒண்ணுங்கற சிந்தனையில வந்தது. 1979-க்கு அப்புறம் ஈரான்ல மதகுருவே நாட்டுக்கு மேல உக்காந்தாரு. அதுக்குள்ளயும் மாற்றம் இருக்கு, துனிசியாவுல என்னஹ்தா கட்சி 2016-ல பொலிட்டிக்கல் இஸ்லாம விட்டுட்டோம்னே அறிவிச்சுது.

முஸ்லிம் லீக் இந்த வகை கிடையாது, அது பங்கு கேக்குற கட்சி. 1948-ல சென்னையில ஆரம்பிச்சது, ஆரம்பிச்ச காயிதே மில்லத் நம்ம திருநெல்வேலிக்காரரு, 1962-ல மலப்புறம் பக்கம் மஞ்சேரியில ஜெயிச்சு எம்பி ஆனாரு. 2016-ல நம்ம கடையநல்லூர்லயே ஏணி சின்னம் ஜெயிச்சுதே, ஷரியத் சட்டமா வந்துச்சு? கேரளாவுல சமஸ்தாங்கற சன்னி மார்க்க அறிஞர்கள் அமைப்பே ஜமாஅத்தே இஸ்லாமி அரசியல வெளிப்படையா எதிர்க்குது. அதே நேரம் பூசி மெழுகவும் வேண்டாம், பாப்புலர் ஃப்ரண்ட்ங்கற அமைப்ப மத்திய அரசு 2022 செப்டம்பர்ல யுஏபிஏங்கற சட்டவிரோதச் செயல் தடுப்புச் சட்டத்துல அஞ்சு வருஷத்துக்குத் தடை பண்ணியிருக்கு, அதையும் லீக்கையும் ஒண்ணாப் போட்டு எவனாவது பேசுனா அவனுக்கு ஒண்ணு தெரியல, இல்ல தெரிஞ்சே பேசுறான்.

அப்புறம் பேர மாத்திப் பாருங்க. பள்ளிவாசல்ல ஓட்டு கேட்டா தப்புன்னா கோவில்லயும் சர்ச்சுலயும் தப்புதான. 1959-ல கேரளாவுல இஎம்எஸ்ஸோட கம்யூனிஸ்ட் அரசாங்கத்துக்கு எதிரா நடந்த விமோசன சமரம்ங்கற போராட்டத்துல கத்தோலிக்க சபையும் நாயர் சமூகத்தோட என்எஸ்எஸ் அமைப்பும் முன்னால நின்னாங்க, 2018 சபரிமலை தீர்ப்புக்கு அப்புறம் ஐயப்பன் பேர்ல எவ்வளவு ஓட்டு அரசியல் நடந்துச்சுன்னு நாம கண்ணால பாத்தோம். ஒருத்தனுக்கு மட்டும் அளவுகோல எடுக்காதீங்க.

சட்டமும் இதத்தான் சொல்லுது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(3), மதத்தச் சொல்லி ஓட்டு கேட்டாலும் போடாதன்னு சொன்னாலும் அது ஊழல் நடவடிக்கை, அதாவது தேர்தல் முறைகேடு. வேட்பாளரோட மதம் மட்டுமில்ல, ஓட்டு போடுறவங்க மதத்தச் சொன்னாலும் அதுதான்னு 2017 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் ஏழு ஜட்ஜ் பெஞ்சுல 4-க்கு 3-னு தீர்ப்பு வந்துச்சு. ஜெயிச்சவன் மேல கேஸ் போடணும்னா 45 நாளுக்குள்ள ஹைகோர்ட் போகணும். நம்ம மாதிரி ஆளுக்கு, புகார் குடுக்க தேர்தல் கமிஷனோட சி-விஜில் ஆப் போதும், ஆனா மீட்டிங் நடக்குற இடத்துலயே ஆப்புக்குள்ள எடுக்கணும், கேலரியில இருக்கற பழைய வீடியோவ அது வாங்காது, இது தெரியாம நிறைய பேரு கோட்ட விடுறாங்க.

கடைசியா ஒண்ணு, தப்பா அனுப்புனவங்கள குரூப்புலயே வச்சு அசிங்கப்படுத்தாதீங்க, வீம்புக்கே இன்னும் பத்து அனுப்புவாங்க. வீட்டுக்குப் போயி, போனைக் கையில வச்சுக் காட்டுங்க. அத்தை அன்னைக்கு எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்தே அந்த வீடியோவ அனுப்புன தம்பிக்குப் போன் போட்டாவ. "ஏய்யா, பரணகடனன்னா என்னன்னு உனக்குத் தெரியுமா?"