துருப்புக் கப்பலின் போர்க்காலப் பணி: கடலூர், புதுச்சேரிக் குடும்பங்கள் அதைத் தேடி எழுதும் முறை

புதுச்சேரியின் ‘சொல்தா’ (பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்) வீடுகளிலும், கடலூரைச் சுற்றியுள்ள ஊர்களில் பழைய பட்டாளத்துக்காரர் இருந்த வீடுகளிலும், தாத்தா கப்பலேறிப் போருக்குப் போனார் என்ற செய்தி தலைமுறை தாண்டி வந்திருக்கும். எந்தக் கப்பல், எந்த ஆண்டு, எந்தத் துறைமுகம் என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடும். அக்கப்பலின் போர்க்காலப் பணியை எழுத விரும்புவோர், ஆளைத் தேடுவதற்கு முன்பு கப்பலைத் தேடுவதே நல்லது. ஒரு சிப்பாயைப் பற்றிய கோப்பு பெரும்பாலும் ஓர் அலுவலகத்தில் மட்டுமே இருக்கும். அது தொலைந்தால் தொலைந்ததுதான். கப்பலையோ அதன் உரிமையாளர், அரசின் போக்குவரத்து அமைச்சகம், கடற்படை, காப்பீட்டாளர், துறைமுகம் என்று பலர் ஒரே நேரத்தில் கவனித்துப் பதிவு செய்தார்கள். ஓரிடத்தில் விட்டுப்போனது இன்னோரிடத்தில் கிடைக்கும்.

தேடல் வீட்டுப் பெட்டியிலிருந்து தொடங்க வேண்டும். பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவராயின், அவருடைய இராணுவக் கையேட்டையோ பணி விவரச் சான்றின் நகலையோ முதலில் பாருங்கள். எந்த நாளில், எந்தத் துறைமுகத்தில், எந்தக் கப்பலில் ஏறினார், எங்கே இறங்கினார் என்பதை அதில் எழுதும் வழக்கம் இருந்தது. குடும்ப நினைவைவிட இந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம். பிரிட்டிஷ் இந்தியப் படையினரின் பணிவிடுப்புப் புத்தகத்தில் அவ்வளவு விவரத்தை எதிர்பார்க்க முடியாது. போர்க்காலக் கடிதங்களும் இதில் உதவ மாட்டா, ஏனெனில் கப்பலின் பெயரையும் இருக்குமிடத்தையும் எழுதத் தணிக்கை அதிகாரிகள் விடவில்லை. எனினும் பர்மா ஸ்டார், ஆப்பிரிக்கா ஸ்டார், இத்தாலி ஸ்டார் போன்ற பதக்கங்கள் அவர் எந்தக் களத்தில் இருந்தார் என்பதைச் சொல்லும். களம் தெரிந்தால் கடல்வழி தெரியும், கடல்வழி தெரிந்தால் தேட வேண்டிய கப்பல்களின் எண்ணிக்கை பெருமளவு குறையும்.

அடுத்து, கப்பலின் பெயரைச் சரிபார்க்க வேண்டும். பலரும் அவசரப்பட்டுக் கடந்துவிடும் இடம் இதுதான். நம் கடற்கரையில் கப்பல் என்றாலே ‘ரஜூலா’ என்று சொல்லும் பழக்கம் வேரூன்றியிருப்பதால், எல்லாத் தாத்தாக்களும் ரஜூலாவிலேயே போனதாகக் கேள்விப்படுவோம். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி, சென்னை–நாகப்பட்டினம்–பினாங்கு–சிங்கப்பூர் வழித்தடத்துக்கென்று 1926-இல் ரஜூலா, ரோனா என்ற இரு கப்பல்களைக் கட்டுவித்தது. ரஜூலா கிளாஸ்கோவின் பார்க்ளே கர்ல் கட்டியது. ரோனா இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில் ஹாதார்ன் லெஸ்லி கட்டியது. இரண்டுமே தளப் பயணிகளை (அறையின்றி மேல்தளத்தில் பயணம் செய்வோரை) ஆயிரக்கணக்கில் ஏற்றவல்லவை, இரண்டுமே இரண்டாம் உலகப் போரில் துருப்புகளைச் சுமந்தவை. முடிவுதான் வேறு: ரஜூலா போருக்குப் பின் பழைய தடத்துக்கே திரும்பி, 1973-இல் இந்திய அரசின் கப்பல் கழகத்துக்கு விற்கப்பட்டு, ‘ரங்கத்’ என்ற புதுப்பெயருடன் அடுத்த ஆண்டே உடைக்கப்பட்டது, ரோனா 1943-இல் மத்தியதரைக் கடலில் மூழ்கியது. ஆகவே 1944-இல் ரோனாவில் வந்தார் என்று வீட்டில் யாரேனும் சொன்னால், ஆண்டு தவறு அல்லது கப்பல் தவறு. பெயர் மாற்றமும் குழப்பும் என்பதால், கட்டிய ஆண்டு, கட்டிய கப்பல் கட்டும் தளம், பதிவு எண் ஆகிய மூன்றையும் பெயருக்கு அருகிலேயே குறித்து வையுங்கள். பதிவேட்டில் காணும் மொத்த டன் அளவு கப்பலின் உட்புறக் கொள்ளளவைக் குறிப்பது. அதை எடையென்று எழுதிவிடக் கூடாது.

பெயர் உறுதியானபின் நடமாட்டத்தைத் தொகுக்கலாம். பிரிட்டிஷ் கொடிக் கப்பல்களுக்கு, லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பி.டி. 389 என்ற வரிசையில் இரண்டாம் உலகப் போர்க் காலக் கப்பல் நடமாட்ட அட்டைகள் உள்ளன. எந்தத் துறைமுகத்துக்கு என்று வந்து என்று புறப்பட்டது என்பதை அவற்றிலிருந்து வரிசைப்படுத்தலாம். கான்வாய் (காவலுடன் கூட்டமாகச் செல்லும் கப்பல் தொடர்) பற்றிய அறிக்கைகள் அதே காப்பகத்தின் ஏ.டி.எம். 199 வரிசையில் கிடைக்கும். கான்வாய்க் குறியீட்டைப் படிக்கக் கற்றுக்கொள்வது பாதி வேலையை முடித்துத் தரும்: பி.எம். என்றால் பம்பாயிலிருந்து மலாயாவுக்கு, கே.எம்.எஃப். என்றால் பிரிட்டனிலிருந்து மத்தியதரைக் கடலுக்குச் செல்லும் வேகத் தொடர்.

ரோனாவின் கடைசிப் பயணம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்கப் படையினர் ஏறத்தாழ இரண்டாயிரம் பேரை ஏற்றிக்கொண்டு அல்ஜீரியாவின் ஓரான் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு கே.எம்.எஃப். 26 தொடரில் சேர்ந்த அக்கப்பலை, 1943 நவம்பர் 26 அன்று ஜெர்மானிய விமானம் ஏவிய ஹென்ஷெல் 293 வகை வானொலி வழிகாட்டுக் குண்டு தாக்கியது. இறந்தோர் 1,100-க்கும் மேல். படகுகள் பலவற்றை இறக்க முடியாமல் போனதும், இருட்டும் கொந்தளிப்பும் சேர்ந்ததும் சாவைப் பெருக்கின. ‘பயனீர்’ என்ற, கடற்கண்ணிகளை அகற்றும் அமெரிக்கக் கப்பல் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டோரை மீட்டது. அந்த ஆயுதத்தின் வெற்றி எதிரிக்குத் தெரியக் கூடாது என்பதால் செய்தியை அமெரிக்க அரசு மறைத்தது. எனவே அந்த மாதத்துச் செய்தித்தாள்களைப் புரட்டி ஒன்றுமில்லை என்று முடிவு கட்டுவது வீண். கான்வாய் எண்ணைப் பிடித்துப் போனால் கோப்பு கிடைத்துவிடும்.

எல்லாக் கப்பலுக்கும் கான்வாய் இருக்காது. வேகம் மிகுந்த பெருங்கப்பல்கள் நீர்மூழ்கிகளை முந்திவிடும் என்பதால் பெரும்பாலும் தனித்தே அனுப்பப்பட்டன. புதுச்சேரிக் குடும்பங்கள் சந்திக்கக்கூடிய ‘பாஸ்த்தர்’ அத்தகையது. பிரான்சின் சேன் நசேரில் கட்டப்பட்டு 1938-இல் நீரில் இறக்கப்பட்ட அது, 1940-இல் பிரெஞ்சு வங்கியின் தங்கத்தை ஏறத்தாழ 200 டன் அளவுக்கு பிரெஸ்டிலிருந்து ஹாலிஃபாக்ஸுக்குக் கொண்டு சென்றது. பிரான்ஸ் வீழ்ந்தபின் பிரிட்டன் அதைத் துருப்புக் கப்பலாக்கியது. போர் முடிந்து பிரான்சிடம் திரும்பியபின் 1956 வரை இந்தோசீனாவுக்குப் படையினரைச் சுமந்தது. ஆகையால் அதன் வரலாற்றை எழுதுவோர் பிரிட்டிஷ், பிரெஞ்சு ஆவணங்கள் இரண்டையும் பார்த்தாக வேண்டும். பிரெஞ்சுப் படையினரின் பணிக்கோப்புகளை, காலத்தைப் பொறுத்து, வேன்சேனிலோ போ நகரிலோ உள்ள பாதுகாப்புத் துறை ஆவண மையங்களில் கேட்கலாம். பிரெஞ்சிந்தியப் பிறப்பு, இறப்புப் பதிவுகள் எக்ஸ்-ஆன்-பிரொவான்ஸ் கடல்கடந்த ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் உள்ளன. 1881-ஆம் ஆண்டு ஆணையின்படி தனிச்சட்டத்தை (தம் சமயம், சமூகம் சார்ந்த குடும்பச் சட்டத்தை) துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் புதுக் குடும்பப் பெயர் எடுத்ததால், பழைய பெயர், புதுப் பெயர் இரண்டிலும் தேடுங்கள். பிறர் விஷயத்தில் தந்தை பெயரே குடும்பப் பெயராகப் பதிவாகியிருக்கக்கூடும்.

கடைசியாகக் கப்பல் ஊழியர்கள். துருப்புக் கப்பலின் வரலாற்றை எழுதுவோர் ஏறிச் சென்ற படையினரை மட்டும் எண்ணி, கரி வெட்டியவரையும் தளம் கழுவியவரையும் விட்டுவிடுகிறார்கள். ரோனாவில் இறந்த ஊழியர் நூற்றுக்கும் மேல், பெரும்பாலோர் இந்தியர். ஆனால் பி.ஐ. (பிரிட்டிஷ் இந்தியா) கம்பெனியில் வேலை பார்த்தார் என்பதை மட்டும் வைத்து ஒருவரை அந்தக் கப்பலின் ஊழியராக எழுதிவிட வேண்டாம். போரில் இறந்த இந்தியக் கடலோடிகளின் பெயர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பம்பாய், சிட்டகாங் நினைவகங்களின் பெயரில் பட்டியலிட்டுள்ளது. இணையத்தில் கப்பலின் பெயரைக் கொண்டும் இறந்த நாளைக் கொண்டும் தேடலாம். எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் என்பதால், நாளை முதலில் இட்டு, அந்நாளில் வரும் எல்லாப் பெயர்களையும் வாய்விட்டுப் படித்துப் பார்ப்பதே பலன் தரும் வழி.