பணம் அனுப்புவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: 'வெற்றி' என்ற செய்தி எதைச் சொல்கிறது?

ஈரோட்டில் நூல் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கணக்குப் பார்த்து வருகிறேன். வங்கியில் வரிசையில் நின்று டிடி எடுத்த காலம் முதல், கைபேசியில் நொடிப்பொழுதில் பணம் போகும் இன்றைய காலம் வரை, எங்கள் நிறுவனத்தின் பணம் என் கை வழியாகவே போயிருக்கிறது. சென்ற மாதம், எங்கள் கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், ஒரு புதிய மில்லுக்கு முதன்முறையாகப் பணம் அனுப்புவதை அருகில் அமர்ந்து பார்த்தேன். கணக்கு எண்ணைப் பதிந்தார். சோதனைக்காக ஒரு ரூபாய் அனுப்பினார். 'பரிவர்த்தனை வெற்றி' என்று திரையில் வந்ததும், மூன்று லட்சத்து எழுபதாயிரத்தை அடிக்கத் தொடங்கினார்.

"மில்லுக்கு போன் செய்து கேட்டீர்களா?" என்றேன்.

"வெற்றி என்று வந்துவிட்டதே சார்" என்றார்.

இதே பதிலை 2014-இல் நான் என் முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன்.

ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள், தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள் என்று வங்கிகள் நாள்தோறும் குறுஞ்செய்தி அனுப்புகின்றன. அவற்றை நான் திருப்பிச் சொல்லப் போவதில்லை. தாம் கவனமாக இருப்பதாக நம்புகிறவர்கள், அந்தக் கவனத்தின் நடுவிலேயே செய்யும் தவறுகளைப் பற்றி எழுதுகிறேன்.

'வெற்றி' என்ற செய்தியை, பணம் பெற்றவரின் ஒப்புதலாக எடுத்துக்கொள்வது

அந்த 2014-ஆம் ஆண்டு எங்களுக்கு நூல் தரும் ஒருவர் தம் வங்கிக் கணக்கை மாற்றினார். புதிய கணக்கு எண்ணைப் பில்லின் பின்புறம் பேனாவால் எழுதிக் கொடுத்தனுப்பினார். அவர் எழுதிய 1 என்ற எண்ணின் தலையில் ஒரு சிறு கோடு இருந்தது. நான் அதை 7 என்று படித்தேன். கணக்கு எண்ணை இரண்டு முறை பதியச் சொல்லி வங்கியின் திரை கேட்டது. இரண்டு முறையும் அதே தாளைப் பார்த்து அதே 7-ஐத்தான் அடித்தேன். இரண்டு பெட்டிகளும் பொருந்தியதால் திரை எதையும் மறுக்கவில்லை. இரண்டு முறை பதிவது கைதவறி அடிப்பதைத் தடுக்குமே தவிர, கண் தவறிப் படித்ததைத் தடுக்காது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்து, நானும் கவனமுள்ளவன் என்ற எண்ணத்தில் ஒரு ரூபாய் அனுப்பினேன். சிறிது நேரத்தில், பணம் பயனாளியின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது என்ற செய்தி வந்தது. அந்த நிம்மதியில் ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் ரூபாயை நெஃப்ட் (தொகுதி தொகுதியாகப் பணம் அனுப்பும் வங்கி முறை) வழியே அனுப்பிவிட்டு, பேரேட்டில் பற்று எழுதி மூடிவிட்டேன். அது வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலை நூல்காரர் போன் செய்து, "பணம் எப்போது போடுவீர்கள்?" என்று கேட்டார்.

அந்த ஒரு ரூபாய் உண்மையாகவே வரவாகியிருந்தது, வேறொருவரின் கணக்கில். நான் தவறாகப் படித்த எண்ணில், அதே வங்கியின் வேறொரு கிளையில், யாரோ ஒருவருக்குக் கணக்கு இருந்தது. அந்தச் சோதனை, அப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்பதை மட்டுமே எனக்குச் சொன்னது. நான் அதை அது நூல்காரரின் கணக்கு என்று படித்துக்கொண்டேன்.

எங்கள் வங்கிக் கிளைக்கு ஓடினேன். "பெயரைச் சரியாகத்தானே கொடுத்திருக்கிறேன்? பெயரும் எண்ணும் பொருந்தவில்லை என்றால் நீங்கள் நிறுத்தியிருக்க வேண்டாமா?" என்று கேட்டேன். மேலாளர் பொறுமையாக விளக்கினார். மின்னணு முறையில் வரும் பணத்தைக் கணக்கு எண்ணை மட்டும் கொண்டே வரவு வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2010 அக்டோபரிலேயே அறிவுறுத்தியிருந்தது. சரியான எண்ணைத் தரும் பொறுப்பு அனுப்புகிறவருடையது. நான் பெயர்ப் பெட்டியில் அத்தனை கவனமாக அடித்த எழுத்துகளை, பணம் போய்ச் சேரும் வழியில் எந்த மனிதரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

அந்த விதிமுறைக்கு நியாயமான காரணம் உண்டு என்பதை நம் ஊர்ப் பெயர்களை நினைத்தாலே உணரலாம். ஒரே ஆள் ஆதாரில் முத்துசாமியாகவும் பாஸ்புக்கில் முத்துச்சாமியாகவும் இருப்பார். தந்தையின் முதலெழுத்து ஓரிடத்தில் முன்னால் வரும், மற்றோரிடத்தில் பின்னால் வரும், வேறோரிடத்தில் தந்தையின் முழுப்பெயரே வரும். எழுத்துக்கு எழுத்துப் பொருந்தினால்தான் வரவு என்று வைத்தால் நேர்மையான பரிமாற்றங்களில் எத்தனையோ திரும்பிவிடும். காரணம் புரிந்தாலும், அன்று வங்கிப் படியில் நின்றபோது எனக்கு ஏற்பட்ட ஆற்றாமை இன்றும் தணியவில்லை. பெயரைக் கேட்டு வாங்கும் ஒரு திரை, அந்தப் பெயரைச் சரிபார்க்கப் போவதில்லை என்று அங்கேயே பெரிய எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும் என்பதே இன்றும் என் கருத்து.

பணத்தைத் திரும்பப் பெற்ற கதை இன்னும் நீளம். என் வங்கி தானாகப் பணத்தை இழுத்துக்கொள்ள முடியாது. நான் எழுதிக் கொடுத்த கடிதத்தின் பேரில் என் வங்கி, பெற்ற வங்கிக்கு எழுதியது. அந்த வங்கி தன் வாடிக்கையாளரைத் தேடிப்பிடித்து அவருடைய சம்மதத்தைக் கேட்டது. அவர் அதற்குள் நாற்பதாயிரத்தை எடுத்துச் செலவழித்திருந்தார். எஞ்சிய தொகை இரண்டு மாதத்தில் வந்தது. நாற்பதாயிரம், வக்கீல் நோட்டீஸ் போன பிறகு, மூன்று தவணைகளில் வந்தது. தவறுதலாக வந்த பணத்தைப் பெற்றவர் திருப்பித் தந்தே ஆக வேண்டும் என்று இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் சட்டம் நம் பக்கம் இருப்பது வேறு, பணம் நம் கணக்கில் இருப்பது வேறு. இடைப்பட்ட மாதங்களில் நூல்காரருக்கு இன்னொரு முறை முழுத் தொகையையும் கொடுக்க வேண்டியிருந்தது.

இன்று நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. யுபிஐயில் அனுப்பும் முன்பே வங்கியில் உள்ள பெயர் திரையில் தெரிகிறது. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் (பெரிய தொகைகளை உடனுக்குடன் அனுப்பும் முறை) வழிகளிலும், கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி என்ற வங்கிக் கிளைக் குறியீட்டையும் கொடுத்தவுடன் கணக்கு வைத்திருப்பவரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் கட்டணமில்லாமல் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 டிசம்பர் 30 அன்று வங்கிகளுக்கு உத்தரவிட்டது. அந்த வசதியைப் பயன்படுத்துங்கள். ஆனால் அங்கே தெரியும் பெயரைப் படியுங்கள். பெயர் தெரிகிறது என்பதாலேயே அடுத்த பொத்தானுக்குப் போய்விடாதீர்கள். கடையின் பெயருக்குப் பதில் உரிமையாளரின் பெயர் வந்தால், அவர்தான் உரிமையாளர் என்பதைக் கேட்டு உறுதி செய்த பிறகே மேலே செல்லுங்கள்.

சோதனைத் தொகை அனுப்புவதை நான் இன்றும் விடவில்லை. முறையை மட்டும் மாற்றிக்கொண்டேன். ஒரு ரூபாய் அனுப்புவதில்லை. ஏழு ரூபாய், பதின்மூன்று ரூபாய் என்று ஏதாவது ஒரு தொகையை அனுப்புவேன். பிறகு, முன்பே என்னிடம் இருக்கும் போன் எண்ணில் அவரை அழைத்து, "எவ்வளவு வந்திருக்கிறது?" என்று கேட்பேன். "ஒரு ரூபாய் வந்ததா?" என்று கேட்டால், வேலை அவசரத்தில் இருப்பவர் பார்க்காமலே "வந்தது" என்று சொல்லிவிடுவார். எவ்வளவு என்று கேட்டால் அவர் தம் கணக்கைத் திறந்து பார்த்தே தீர வேண்டும்.

முன்பே இருக்கும் எண்ணில் அழைப்பதற்கும் காரணம் உண்டு. "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்கில் போடுங்கள்" என்று வாடிக்கையான பார்ட்டியின் பெயரில் வரும் மின்னஞ்சல் மோசடியாக இருக்கலாம். அந்த மின்னஞ்சலின் அடியில் உள்ள எண்ணுக்கே போன் செய்தால், மறுமுனையில் எடுப்பவரும் அந்த மோசடிக்காரராகவே இருப்பார். கணக்கு எண்ணை எழுத்தாகவோ ரத்து செய்த காசோலையின் தெளிவான படமாகவோ வாங்கி, பதிந்து முடித்த பிறகு வேறொருவரை உரக்கப் படிக்கச் சொல்லி ஒப்பிடுவது என் வழக்கம். ஒரே கண் இரண்டு முறை பார்ப்பதைவிட இரண்டு பேரின் கண் ஒரு முறை பார்ப்பது மேல்.

அந்தத் தம்பி மில்லுக்கு போன் செய்தார். ஒரு ரூபாய் அவர்கள் கணக்கில்தான் இருந்தது. அதற்குப் பிறகே மீதியை அனுப்பினார்.

நிலுவையில் நிற்பதை மறுபடியும் அனுப்புவது

நம் கணக்கில் பற்று விழுந்திருக்கும்; எதிர்த்தரப்பில் வரவு விழுந்திருக்காது; திரையில் நிலுவை என்று காட்டும். புதியவர்கள் இந்த இடத்தில் பொறுமை இழந்து இன்னொரு முறை அனுப்புகிறார்கள். ஒரு மணி நேரம் கழித்து இரண்டும் போய்ச் சேர்ந்துவிடும். பிறகு கூடுதலாகப் போனதைக் கெஞ்சிக் கேட்டு வாங்க வேண்டும், அல்லது அடுத்த பில்லில் கழிக்க வேண்டும். உடனடியாகப் பணம் அனுப்பும் வழிகளான ஐஎம்பிஎஸ்ஸிலும் யுபிஐயிலும் பணம் பற்றாகி, பயனாளிக்கு வரவாகாமல் நின்றால், மறுநாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும்; தவறினால் ஒரு நாளுக்கு 100 ரூபாய் வீதம் வங்கி இழப்பீடு தர வேண்டும் என்பது 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. ஆகவே நிலை தெளியும் வரை காத்திருங்கள். கட்டாயம் உடனே கொடுக்க வேண்டுமென்றால், முதல் பரிமாற்றம் நிலுவையில் நிற்பதை எதிர்த்தரப்பிடம் எழுத்தில் சொல்லிவிட்டு அனுப்புங்கள்.

வழிகளின் வேறுபாடு தெரியாமல் வாக்குக் கொடுப்பது

நெஃப்ட் 2019 டிசம்பர் 16 முதல் இரவும் பகலும் இயங்குகிறது என்பதால் அது உடனடிப் பரிமாற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். அது அரை மணிக்கு ஒரு தொகுதியாக, ஒரு நாளில் 48 தொகுதிகளாகத் தீர்க்கப்படுகிறது. தொகுதி முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் பெறும் வங்கி வரவு வைக்க வேண்டும், முடியாவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டும். லாரி புறப்படக் காத்திருக்கும்போது நெஃப்ட்டில் போட்டுவிட்டு "இந்நேரம் வந்திருக்குமே" என்று சொல்லி, எங்கள் தம்பிகள் எத்தனையோ முறை சண்டையை வரவழைத்திருக்கிறார்கள். அவசரமென்றால், இரண்டு லட்சமும் அதற்கு மேலும் ஆர்டிஜிஎஸ்ஸில் அனுப்புங்கள். ஐந்து லட்சம் வரை ஐஎம்பிஎஸ்ஸிலும் அனுப்பலாம், உங்கள் வங்கி வைத்திருக்கும் வரம்பை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அவசரமில்லை என்றால் நெஃப்ட் போதும்.

பழைய ஐஎஃப்எஸ்சி

பதினொரு இடங்கள் கொண்ட குறியீட்டில் ஐந்தாவது எப்போதும் சுழியம். அங்கே ஆங்கில 'ஓ' (O) எழுத்தை அடிக்காதீர்கள். வங்கிகள் இணைந்த பிறகு பழைய குறியீடுகள் செல்லாமல் போயின. கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியுடனும், சிண்டிகேட் வங்கி அதே ஆண்டு ஏப்ரலில் கனரா வங்கியுடனும் இணைந்தன. பழைய பில் புத்தகத்தில் அச்சடித்த குறியீட்டை இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கும் பார்ட்டிகள் இருக்கிறார்கள்.

ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துச் சரக்கை விடுவது

விடாதீர்கள். உங்கள் கணக்கில் வரவைப் பார்த்த பிறகே சரக்கு போக வேண்டும்.

யுடிஆர் எண்ணைக் குறித்து வைக்காதது

ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் வங்கி தரும் தனி அடையாள எண் இது. வவுச்சரில் அந்த எண் இல்லாவிட்டால் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

தெரியாத இடத்திலிருந்து வந்த பணத்தைத் தாமே திருப்பி அனுப்புவது

பெறுகிறவர்கள் செய்யும் தவறுகளில் இதுவே எனக்கு அச்சம் தருவது. நல்லவர்களே இதில் மாட்டுகிறார்கள். உங்கள் கணக்கில் எங்கிருந்தோ இருபதாயிரம் வரவாகிறது. ஒருவர் போன் செய்து, மகளின் கல்லூரிக் கட்டணத்தைத் தவறுதலாகப் போட்டுவிட்டதாக அழுகிறார். இன்னொரு கணக்கு எண்ணைக் கொடுத்து அதில் போடச் சொல்கிறார். என் தவறால் நான் பட்ட பாட்டை நினைத்தால் உடனே அனுப்பத்தான் எனக்கும் தோன்றும். ஆனால் அந்தப் பணம் வேறு யாரிடமோ ஏமாற்றிப் பறித்ததாக இருக்கலாம். ஏமாந்தவர் புகார் கொடுத்தால் பணம் போன வழியைத் தேடிவரும் காவல்துறை உங்கள் கணக்கை முடக்கச் சொல்லும். நீங்கள் அனுப்பிய பணமோ மோசடிக்காரரின் கணக்கைத் தாண்டிப் போயிருக்கும். அப்பணத்தைத் தொடாமல் வைத்திருந்து, உங்கள் கிளைக்கு எழுத்தில் தெரிவித்து, வந்த கணக்குக்கே வங்கி வழியாகத் திருப்பச் சொல்லுங்கள். போன் செய்தவரிடமும் அவருடைய வங்கியில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். உண்மையாகவே தவறியவர் அதைச் செய்வார்.

தவறு நடந்த பின் வாயால் மட்டும் சொல்வது

தவறான கணக்குக்குப் பணம் போனது தெரிந்த நிமிடமே வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு அழைத்து, புகார் எண்ணை வாங்குங்கள். மோசடி என்ற சந்தேகம் இருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணையும் அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகரும் முன் நிறுத்த வாய்ப்பிருப்பது அந்த முதல் சில மணி நேரத்தில்தான். அன்றைக்கே கிளைக்கும் நேரில் செல்லுங்கள். தேதி, நேரம், தொகை, யுடிஆர் எண், அனுப்ப நினைத்த கணக்கு எண், உண்மையில் அடித்த கணக்கு எண் ஆகிய ஆறும் கடிதத்தில் இருக்க வேண்டும். 30 நாட்களுக்குள் வங்கி பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அங்கே முதலில் கேட்கப்படுவது நீங்கள் வங்கியிடம் எழுத்தில் எப்போது புகார் செய்தீர்கள் என்பதே. ஆகவே கடிதத்தின் நகலில் கிளையின் முத்திரையையும் தேதியையும் வாங்காமல் வெளியே வராதீர்கள். 2014-இல் நான் முதல் நாள் மேலாளரிடம் வாயால் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கடிதம் கொடுத்தது நான்காம் நாள். அந்த நாற்பதாயிரம் எடுக்கப்பட்டது மூன்றாம் நாள்.