ரோனா கப்பலின் கதையில் திரும்பத் திரும்ப வரும் பிழைகள்

1943 நவம்பர் 26 மாலை, அல்ஜீரியாவின் பூஜி துறைமுகத்துக்கு அப்பால் ரோனா என்ற துருப்புக் கப்பல் ஜெர்மன் குண்டு பட்டு மூழ்கியது. அதில் இருந்த சுமார் 2,000 அமெரிக்க வீரர்கள் சூயஸ் வழியாக இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தவர்கள். ஆயிரத்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். இந்தக் கப்பலைப் பற்றி எழுதுபவர்கள் ஒரே பிழைகளைத்தான் மாறி மாறிச் செய்கிறார்கள்.

முதல் பிழை, போரிலிருந்து கதையைத் தொடங்குவது. 1926இல் இங்கிலாந்தின் டைன் நதிக்கரையில், ஹெப்பர்னில் ஹாதார்ன் லெஸ்லி நிறுவனம் கட்டிய கப்பல் இது. அதே ஆண்டு கிளாஸ்கோவில் பிறந்த ரஜூலா இதன் சகோதரிக் கப்பல். பிரிட்டிஷ் இந்தியா என்ற கப்பல் கம்பெனி இரண்டையும் சென்னை, நாகப்பட்டினம், சிங்கப்பூர் தடத்துக்காகவே கட்டியது. மலேயாத் தோட்டங்களுக்குப் போன நம் ஊர்க்காரர்கள் டெக்கில் பாய் விரித்துப் படுத்து வந்த கப்பல். அத்தனை ஆயிரம் டெக் பயணிகளை ஏற்றப் பழகியதால்தான் போர்க்காலத்தில் துருப்பு ஏற்றவும் தோதாக இருந்தது. இதை விட்டுவிட்டால் பாதிக் கதை போய்விடும்.

அப்புறம், பெயருக்கு முன்னால் எச்.எம்.எஸ். (பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களுக்கான அடைமொழி) போடுவது. ரோனா கடற்படைக் கப்பல் அல்ல. 1940இல் அரசு எடுத்துக்கொண்ட வணிகக் கப்பல். எச்.எம்.டி. (அரசின் துருப்புக் கப்பல்) என்பதே சரி. மாலுமிகளும் கடற்படையினர் அல்ல, கம்பெனி ஆட்கள். அவர்களைத் தேடுபவர் கடற்படைப் பட்டியலில் தேடினால் ஒருவர் பெயரும் கிடைக்காது.

எனக்கு மிகவும் வலிக்கும் பிழை இறந்தோர் கணக்கில் இருக்கிறது. 1,015 என்ற எண்ணைப் பலரும் மொத்த எண்ணிக்கையாகவே எழுதிவிடுகிறார்கள். அது அமெரிக்க வீரர்கள் மட்டும். சுமார் 195 பேர் கொண்ட கப்பல் ஊழியர்களில் பாதிக்கு மேல் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். உயிர்பிழைத்த வீரர்கள் சிலர் இந்திய மாலுமிகளைக் கடுமையாகக் குறை சொல்லியிருக்கிறார்கள். இருட்டிலும் கொந்தளிப்பிலும் நண்பர்களை இழந்தவர்கள் அவர்கள். அந்த வேதனையைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் அந்த வாக்குமூலங்களை மட்டும் படித்துவிட்டு ஊழியர்கள் மேல் தீர்ப்பு எழுதக் கூடாது. அந்த லஸ்கர்களிடம், அதாவது இந்திய மாலுமிகளிடம், உட்கார்ந்து கேட்டு எழுதிவைத்தவர்கள் மிகக் குறைவு. ஒரு தரப்பு பேசியது, மறு தரப்பில் பாதிக்கு மேல் கடலில் போய்விட்டது. இந்த வித்தியாசத்தை வாசகருக்குச் சொல்லியே ஆக வேண்டும். சுமார் 600 பேரைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் காப்பாற்றியது பயனியர் என்ற அமெரிக்கக் கண்ணிவாரிக் கப்பல், அதாவது கடலில் கண்ணிவெடிகளை அகற்றும் கப்பல். அந்த இரவைப் பற்றி எழுதும்போது இதையும் விடக் கூடாது.

ஆயுத விஷயத்திலும் குழப்பம் உண்டு. ரோனாவைத் தாக்கியது டார்பிடோ அல்ல. ஹெங்கல் 177 விமானத்திலிருந்து ஏவி, வானொலி அலையால் வழிநடத்திய ஹென்ஷல் 293 சறுக்குக் குண்டு. அதற்காக 'வழிநடத்தும் குண்டால் மூழ்கிய முதல் கப்பல்' என்று எழுதவும் கூடாது. அதே ஆண்டு ஆகஸ்ட் 27இல் பிஸ்கே வளைகுடாவில் எக்ரெட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் அதே வகைக் குண்டுக்குப் பலியாகிவிட்டது. ராணுவம் விவரங்களை நெடுநாள் மூடி வைத்ததால், போர்க்காலச் செய்திகளை மட்டும் நம்பி எழுதுபவர்களுக்கு இந்தக் குழப்பம் தவிர்க்க முடியாதது. பின்னால் வெளிவந்த ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ரோனாவுக்குச் சொல்லப்படும் 8,602 டன் என்பது கப்பலின் எடை என்று நினைப்பவர்களும் உண்டு. அது உள்ளிடக் கொள்ளளவு. 100 கன அடி ஒரு டன். போர்க்கப்பலின் இடப்பெயர்ச்சி டன்னோடு, அதாவது அது விலக்கும் நீரின் எடையோடு, இதை ஒப்பிட முடியாது.

கடைசியாக, குடும்பக் கதைகள். 'தாத்தா 1950இல் ரோனாவில் பினாங்கு போனார்' என்று யாராவது சொன்னால் அது நினைவுப் பிசகு. அநேகமாக ரஜூலாவாக இருக்கும். அதுவும் போரில் துருப்பு ஏற்றிய கப்பல்தான். ஆனால் அது பிழைத்து வந்து, 1973 வரை இதே தடத்தில் ஓடியது.