125-ஐத் தொட்டால் போதாது: போட்டித் தோட்டாவின் வேகத்தை முடிவு செய்வது எப்படி

147-ஐ 850-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்துப் பாருங்கள். 124.95 வரும். அமெரிக்காவில் யு.எஸ்.பி.எஸ்.ஏ. என்ற அமைப்பு நடத்தும் கைத்துப்பாக்கிப் போட்டிகளில் இந்தத் தோட்டாவுக்கு மதிப்பெண்ணே கிடையாது. குண்டின் எடையை கிரெய்ன் என்ற சிறு அலகிலும் வேகத்தை நொடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்துப் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் வருவதுதான் பவர் ஃபேக்டர். பலம் குறைந்த மைனர் வகைக்கு அது குறைந்தது 125 இருக்க வேண்டும். புள்ளிக்குப் பின்னால் உள்ளதை விதி கணக்கில் கொள்ளாது, 124.99 என்றாலும் 124தான்.

இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒஹையோவில் என் வீட்டு கராஜில் 9 மி.மீ. தோட்டாக்களைச் செய்து, ஜூலை வெயிலில் அளந்தபோது சராசரி வேகம் 860. பெட்டியில் அச்சிட்டிருந்த 147 கிரெய்னால் பெருக்கினேன், 126.4 வந்தது. நிம்மதியாக இருந்தேன். அக்டோபர் மாதக் காலையில் மாநில அளவிலான ஒரு போட்டிக்குப் போனேன். அங்கே நடுவர்கள் என் தோட்டாக்களில் சிலவற்றை எடுத்தார்கள். ஒன்றிலிருந்து குண்டைப் பிடுங்கித் தராசில் வைத்தார்கள்: 146.3. மூன்றைச் சுட்டுச் சராசரி பார்த்தார்கள்: 849. பெருக்கினால் 124.2. தவறினால் இன்னும் மூன்று சுடுவார்கள். அதுவும் என்னைக் காப்பாற்றவில்லை. தொடர்ந்து சுடலாம், ஆனால் மதிப்பெண் இல்லை என்றார்கள். ஆறு மாதப் பயிற்சி, நாலு மணி நேரக் கார்ப் பயணம், எல்லாம் அந்தத் தராசுத் தட்டில் முடிந்தன.

ஆகவே நான் சொல்வது இதுதான்: 125-க்கு மேல் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், பிறகு தோட்டாவைச் செய்யுங்கள். மைனருக்கு நான் 130-ஐக் குறிவைக்கிறேன். 147 கிரெய்ன் குண்டுக்கு அது ஏறக்குறைய 885 அடி. அதற்கு மேல் போவதில் பயனில்லை; கூடும் ஒவ்வொரு அடியும் உங்கள் மணிக்கட்டுக்குத்தான் வந்து சேரும்.

மைனரா, பலம் கூடிய மேஜரா என்ற கேள்வியைப் பெரும்பாலும் நீங்கள் போட்டியிடும் பிரிவே தீர்த்துவிடும். புரொடக்ஷன், கேரி ஆப்டிக்ஸ் என்ற இரு பிரிவுகளிலும் எல்லோருக்கும் மைனர் மதிப்பெண்தான்; அங்கே பலமான தோட்டா வீண். மேஜருக்கு 165 வேண்டும். லிமிடெட் பிரிவில் அதற்குக் குறைந்தது .40 அங்குல விட்டக் குண்டும் தேவை. இலக்கின் நடுவே உள்ள ஏ பகுதியில் பட்டால் இருவருக்கும் 5. அதைச் சுற்றியுள்ள சி-யில் பட்டால் மேஜருக்கு 4, மைனருக்கு 3. பன்னிரண்டு குண்டுகளில் மூன்று சி-க்குப் போய்விட்டன என்று வையுங்கள்: மேஜருக்கு 57, மைனருக்கு 54. இருவரும் ஆறு நொடியில் முடித்தால், மதிப்பெண்ணை நொடியால் வகுக்க, 9.5-க்கு 9.0. மைனர்காரர் இதை ஈடுகட்ட வேண்டுமானால் ஏறத்தாழ 0.3 நொடி முன்னதாக முடிக்க வேண்டும். உங்கள் குண்டுகள் பெரும்பாலும் ஏ-யிலேயே விழுகின்றன என்றால் மேஜரின் உதைப்பைத் தாங்க வேண்டிய அவசியம் இல்லை.

அடுத்தது குண்டின் எடை. ஒரே பவர் ஃபேக்டரை 115 கிரெய்ன் குண்டை வேகமாக அனுப்பியும் எட்டலாம், 147 கிரெய்னை மெதுவாக அனுப்பியும் எட்டலாம். பின்னுதைப்பில் குண்டுக்கு மட்டுமல்ல, குழலிலிருந்து பீறிடும் வாயுவுக்கும் பங்கு உண்டு. கனமான குண்டுக்கு வெடிமருந்து குறைவாகப் போதும், வாயுவும் குறையும், உதைப்பு மென்மையாகிறது. வாயுவை மேல்நோக்கித் திருப்பும் காம்பென்சேட்டரைக் குழல் முனையில் பொருத்திய ஓபன் பிரிவுத் துப்பாக்கிகளில் கதையே வேறு. அங்கே குழல் முனையைக் கீழே அமுக்குவதே அந்த வாயுதான், அதனால் இலேசான குண்டும் அதிக மருந்தும் விரும்புகிறார்கள். புதியவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

மருந்தின் அளவை நான் இங்கே எழுதமாட்டேன். மருந்து தயாரிப்பாளரின் கையேட்டில் உங்கள் குண்டுக்கே உரிய பக்கத்தைத் திறந்து, அங்கே உள்ள குறைந்த அளவில் தொடங்குங்கள். 0.1 கிரெய்ன் வீதம் ஏற்றி, ஒவ்வொரு படிக்கும் பத்துத் தோட்டா செய்யுங்கள்; கையேட்டின் உச்ச வரம்பைத் தாண்டாதீர்கள். போட்டியில் சுடப்போகும் அதே துப்பாக்கியில்தான் அளக்க வேண்டும். ஒரே நீளக் குழல்கள்கூட ஒரே வேகம் தருவதில்லை. பெட்டி சொல்லும் எடையை நம்பாமல் இருபது குண்டுகளைத் தராசில் நிறுத்து, அவற்றில் மிக இலேசானதைக் கொண்டு கணக்கிடுங்கள். வெயிலில் ஒரு நாள், குளிரில் ஒரு நாள் அளந்து, இரண்டில் குறைந்த வேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துத் தோட்டாவிலும் துப்பாக்கியின் நகரும் மேல்பகுதியான ஸ்லைடு முழுமையாகப் பின்னால் போய், தோட்டாவின் வெற்று உலோகக் கூட்டை வீசியெறிகிறதா என்றும் பாருங்கள். வேகம் சரியாக இருந்து கூடு மட்டும் சிக்கினால், ஸ்லைடை முன்னே தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கை மாற்றிப் பார்த்த பிறகே மருந்தைத் தொடுங்கள்.

மென்மையான தோட்டாவில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. வேகமாக எரியும் மருந்து கூட்டில் பாதிகூட நிரம்பாது. தவறி இரண்டு முறை கொட்டினாலும் வழியாது, வெளியே தெரியாது. துப்பாக்கி கையிலேயே வெடிக்கலாம். அதனால் கூட்டை நன்றாக நிரப்பும் பருமனான மருந்தையே தேர்ந்தெடுக்கிறேன். தோட்டா செய்யும் இயந்திரத்தின் மேல் சிறு விளக்கு பொருத்தி, குண்டை வைக்கும் முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்கிறேன். மருந்தே விழாமல் போனால் குண்டு குழலுக்குள் நின்றுவிடும். சத்தம் மந்தமாகக் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். அடுத்த விசையை இழுக்காதீர்கள்.

ஒவ்வொரு நூறிலும் ஐந்து தோட்டாவை எடுத்து, குண்டின் முனையை மேசை விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்துவேன். பிறகு காலிப்பரில் மொத்த நீளம் அளப்பேன். குண்டு உள்ளே இறங்கியிருந்தால் அழுத்தம் ஏறும். அந்த நூறையும் போட்டிக்கு எடுத்துப் போக மாட்டேன். தேறியவற்றின் பெட்டிமேல் தேதி, மருந்தின் பெயர், தராசில் கண்ட எடை, குளிர்நாள் வேகம் நான்கையும் எழுதி ஒட்டுகிறேன். இப்போது அலமாரியில் இருக்கும் பெட்டியில் 146.3 என்றும் 886 என்றும் எழுதியிருக்கிறது.